பதினொரு ஆண்டுகளாக என் சட்டைப்பையில் ஒரு பழைய ஒமேகா

1910-களில் செய்யப்பட்ட ஒமேகா பாக்கெட் கடிகாரம் ஒன்றைப் பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் வாங்கிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. அலமாரியில் வைத்து அழகு பார்க்க வாங்கவில்லை. அன்றாடம் சாவி கொடுத்து ஓட்டுகிறேன் என்பதால், அதன் தோற்றத்தைவிட நடத்தையைப் பற்றியே என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

உள்ளே இருப்பது 19 லீன் இயந்திரம். லீன் என்பது சுமார் 2.26 மில்லிமீட்டர் கொண்ட பழைய பிரெஞ்சு அளவு. ஆகவே குறுக்களவு ஏறத்தாழ 43 மில்லிமீட்டர். ஸ்விட்சர்லாந்தின் பீல் நகரில் லூயி பிராண்டின் மகன்கள் நடத்திய தொழிற்சாலை 1894-இல் வெளியிட்ட இந்த இயந்திரத்துக்குத்தான் முதலில் ஒமேகா என்று பெயர். நிறுவனம் அப்பெயரை 1903-இல் தனதாக்கிக்கொண்டது. ஒவ்வொரு பாகத்தையும் கையால் அராவிப் பொருத்தும் தேவையின்றி, ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடிய உதிரிபாகங்களைச் செய்ததே இதன் பெருமை என்பார்கள். விளம்பரப் பேச்சு என்றே நானும் நினைத்திருந்தேன்.

நான்காம் ஆண்டில் சங்கிலிக் கொக்கி நழுவிக் கடிகாரம் தரையில் விழுந்தது. அதிர்ச்சி தாங்கும் இன்காபிளாக் அமைப்பு 1934-இல்தான் வந்தது என்பதால், இதில், முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்து அச்சின் முடி போன்ற முனைக்கு எந்தக் காப்பும் இல்லை, அது முறிந்துவிட்டது. முதலில் காட்டிய கடையில், இனி இது காட்சிப்பொருள்தான் என்று கைவிரித்துவிட்டார்கள். பிறகு ஒரு முதிய மெக்கானிக், மஞ்சளேறிய காகிதப் பொட்டலம் ஒன்றிலிருந்து அதே இயந்திரத்துக்கான அச்சை எடுத்து, அராவாமல் பொருத்தி, சக்கரத்தின் எடையை மட்டும் சமன் செய்து ஓடவிட்டார். அருகில் அமர்ந்து பார்த்த பிறகு அந்த விளம்பரத்தின்மேல் எனக்குக் குறையேதும் இல்லை.

பின்மூடியைத் திறந்தால் அந்தச் சக்கரம் விநாடிக்கு ஐந்து முறை வீசி ஆடுவதைப் பார்க்கலாம். அதன் விளிம்பு வெளியே பித்தளையும் உள்ளே எஃகுமாக ஒட்டி, இரண்டு இடங்களில் வெட்டி விடப்பட்டிருக்கிறது. வெயில் ஏறினால், அச்சக்கரத்தை ஆட்டும் மெல்லிய சுருள்வில்லான ஹேர்ஸ்பிரிங் தளர்ந்து கடிகாரம் பிந்த வேண்டும். ஆனால் பித்தளை கூடுதலாக விரிவதால் விளிம்பின் முனைகள் உட்புறம் வளைந்து, இழந்த வேகத்தை ஈடுசெய்கின்றன. நான் குறித்துவைத்த கணக்கில், மே மாதத்துக்கும் மார்கழிக்கும் இடையே நாளொன்றுக்குப் பத்து விநாடிக்கு மேல் வேறுபாடு வந்ததில்லை; இரு பருவங்களிலும் அரை நிமிடம் அளவுக்கு முந்தும், அவ்வளவுதான்.

வெப்பத்தைச் சமாளிக்கும் இக்கடிகாரம் காந்தத்திடம் தோற்றுவிடுகிறது. காந்தப் பூட்டுள்ள கைப்பேசி உறையோடு ஒரே பையில் வைத்திருந்த ஒரு நாள், ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மணிக்குச் சில நிமிடங்கள் முந்தியது. காந்தம் நீக்கும் கருவியில் ஒரு முறை காட்டியதும் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து இரண்டுக்கும் தனித்தனிப் பை.

தேய்மானத்தைக் குறைக்க இயந்திரத்தில் பதித்த பதினைந்து மாணிக்கக் கற்களில் ஒன்றுகூட, நிமிட முள்ளைச் சுழற்றும் நடுச்சக்கரத்துக்கு இல்லை. அதன் அச்சு பித்தளைத் தகட்டிலேயே நேரடியாகச் சுழல்கிறது. சென்ற முறை எண்ணெய் மாற்றியபோது அந்தத் துளை சற்று நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. அடுத்த பழுது அங்கேதான் வரும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். வாங்க நினைப்பவர்கள் விலை பேசும் முன் அந்தத் துளையை லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்வது நல்லது.