காரைக்குடிப் பயிற்சி மையத்தின் விகிதக் கணக்கு வகுப்பு: ஒரு மதிப்பீடு

குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் 25 வினாக்கள் திறனறிவுப் பகுதிக்கு உரியவை. அவற்றுள் விகிதக் கணக்கைக் கண்டதுமே அடுத்த வினாவுக்குத் தாவிவிடுகிறவர்கள், காரைக்குடியில் வார இறுதியில் நடைபெறும் இவ்வகுப்பில் தாராளமாகச் சேரலாம்.

ஆசிரியர் குறுக்குவழியில் தொடங்குவதில்லை. தந்தை, மகன் வயதுகளின் விகிதம் 7:2, பத்து ஆண்டுகளுக்குப் பின் 9:4 என்று பலகையில் எழுதிவிட்டு, "அப்பாவுக்கு ஏழு வயதா?" என்று கேட்கிறார். விகிதம் பங்குகளைத்தான் சொல்கிறது, ஒரு பங்கு எவ்வளவு என்று சொல்வதில்லை என்பது அங்கே பிடிபட்ட பிறகே, தெரியாத அந்தப் பங்குக்கு 'ப' என்று பெயரிட்டு, (7ப + 10)/(2ப + 10) = 9/4 என எழுதுகிறார். குறுக்கே பெருக்கினால் 28ப + 40 = 18ப + 90; ப = 5; வயதுகள் 35, 10.

இரு பக்கமும் 2 பங்கு கூடியிருப்பதால் 2 பங்கு = 10 ஆண்டு என்னும் குறுக்குவழியையும் அவர் மறைப்பதில்லை. ஆனால் உடனே, 3:1 என்பது 12 ஆண்டுகளில் 2:1 ஆகும் கணக்கைத் தருகிறார். தந்தையின் பங்கு 3இலிருந்து 2ஆகக் குறைவதைப் பார்த்து வகுப்பு திகைக்கிறது. சமன்பாடோ திகைப்பதில்லை: 3ப + 12 = 2(ப + 12), ப = 12. வயது வித்தியாசம் என்றும் மாறாது என்பதால், 2:1 ஐ 4:2 என்று எழுதிப் பங்குகளின் வித்தியாசத்தைச் சமமாக்கினால் குறுக்குவழியும் செல்லும் என்று அவர் விளக்கிய இடமே இவ்வகுப்பின் சிறந்த பகுதி.

அடுத்தது கலவைக் கணக்கு: மணலும் சிமென்டும் 3:1. மேலும் 4 சட்டி சிமென்ட் சேர்த்தால் 5:3. (ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் இக்கலவையை ஏற்பார்களா என்பது வேறு விஷயம்.) இங்கே பலர் மணலுடனும் 4 கூட்டிவிடுகிறார்கள்; 3ப/(ப + 4) = 5/3 என்று எழுதினால் மணல் 15 சட்டி, சிமென்ட் 5 சட்டி என்று வருகிறது.

குறைகளும் உண்டு. நகலெடுத்துத் தரும் தாள்களில் பின்னக் கோடுகளே தெரிவதில்லை. கூட்டு வணிக லாபப் பங்கீட்டை, வணிகத்துக்குப் பேர்போன இந்த ஊரிலேயே, அவசரமாக முடித்துவிடுகிறார்கள். வகுப்பு இழுத்துக்கொண்டே போவதால் பள்ளத்தூர், தேவகோட்டை மாணவர்கள் பேருந்துக்காகப் பாதியில் எழுந்து போக நேர்கிறது. சமன்பாடு ஏற்கெனவே கைவந்தவர்களுக்கு முழு வகுப்பு தேவையில்லை. மாதிரித் தேர்வுகளுக்கு மட்டும் பணம் கட்டினால் போதும்.