ஹிட் பாட்டை தள்ளி வச்சிட்டு மிச்சத்தை கேக்குற பழக்கம்: பல வருஷ அனுபவம்

எந்த ஆர்டிஸ்ட்டா இருந்தாலும் அவங்களோட டாப் அஞ்சு பாட்டை ஓரமா வச்சிட்டு மிச்சம் இருக்குறத கேக்குறதுதான் ரொம்ப வருஷமா என் பழக்கம். போன் வாங்கி ரெண்டு வருஷம் கழிச்சு லாங் டேர்ம் ரிவ்யூ போடுறாங்கல்ல, அந்த மாதிரி இந்த பழக்கத்துக்கே ஒண்ணு போடலாம்னு தோணுச்சு. முதல்லயே சொல்லிடுறேன், "நான் கேக்குறதெல்லாம் உனக்கு தெரியவே தெரியாது"ன்னு சீன் போடுற பதிவு இல்ல இது, அந்த டைப் ஆளுங்கள பாத்தா எனக்கே எரிச்சல் வரும்.

ஒரு பாட்டு ஹிட் ஆகுறதுல பாட்டுக்கு வெளிய இருக்குற விஷயங்களுக்கு பெரிய பங்கு இருக்கு. படம் ஓடணும், நல்ல சீன்ல வரணும், டிவில திரும்பத் திரும்ப போடணும். தளபதி (1991) ஆல்பத்துல "புத்தம் புது பூ பூத்ததோ"ன்னு ஒரு பாட்டு, ஜேசுதாஸும் ஜானகியும் பாடினது, கேசட்ல இருந்துச்சு ஆனா படத்துல வரல. அதனால அதே ஆல்பத்து மத்த பாட்டுங்க ஊரெல்லாம் சுத்தி வந்தப்போ இது மட்டும் கேசட் வாங்கினவங்களோடயே நின்னுடுச்சு, பாட்டா எடுத்து வச்சு கேட்டா எதுலயும் குறைச்சலே இல்ல. எந்த பாட்டு ஓடும்னு ரெக்கார்டு கம்பெனிக்காரங்க போடுற கணக்கும் அப்படித்தான், அமெரிக்க பாடகி குளோரியா கேனரோட "ஐ வில் சர்வைவ்" 1978-ல ஒரு சிங்கிளோட (பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்குற சின்ன தட்டு) பி-சைடா, அதாவது பின்பக்கத்துல சும்மா இருக்கட்டும்னு போட்ட பாட்டாத்தான் வந்துச்சு, தட்டை திருப்பிப் போட்டு பாத்தவங்க புண்ணியத்துல தான் அது மேல வந்துச்சு. திருப்பிப் போடாம விட்ட பின்பக்கங்கள் எத்தனை கிடக்கும்னு யோசிச்சு பாருங்க.

இதுக்கு ஒரு ஆராய்ச்சியே இருக்கு. 2006-ல சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ்னு மூணு பேரு சயின்ஸ் இதழ்ல எழுதினது. பேர் தெரியாத பேண்டுகளோட 48 பாட்டு, கேட்டவங்க 14,000 பேருக்கு மேல. ஒரு குரூப்புக்கு பாட்டு மட்டும், மத்தவங்களுக்கு பாட்டோட சேத்து இதுவரைக்கும் எத்தனை பேரு டவுன்லோட் பண்ணிருக்காங்கன்ற நம்பரும் காட்டிருக்காங்க. நம்பர் பாத்தவங்கள எட்டு கூட்டமா பிரிச்சு தனித்தனியா விட்டா, ஒரு கூட்டத்துல உச்சியில நின்ன பாட்டு இன்னொரு கூட்டத்துல எங்கயோ நடுவுல கிடக்குது. அதுக்காக தரம்னு ஒண்ணு இல்லவே இல்லன்னு இல்ல, ரொம்ப நல்ல பாட்டு அடிமட்டத்துக்கு போனது கம்மி, ரொம்ப மட்டமானது மேல ஏறினதும் கம்மி, ஆனா நடுவுல இருக்குறதுக்கெல்லாம் என்ன வேணா நடக்கலாம். என் தேடல் முழுக்க அந்த நடுவுல தான்.

சரி எங்க தேடுறதுன்னு கேட்டா, எனக்கு ரொம்ப கைகொடுத்தது ஆல்பத்தை கடைசி பாட்டுலேந்து ஆரம்பிக்கிறது. இதுக்கு ஒரு டெக்னிக்கல் காரணமும் இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இது. எல்பி ரெக்கார்டு நிமிஷத்துக்கு 33⅓ தடவை தான் சுத்தும், வெளி ஓரமா இருந்தாலும் உள்ள இருந்தாலும் அதே வேகம். ஆனா வெளி வட்டம் பெருசு இல்லையா, அங்க ஊசிக்கு அடியில ஒரு செகண்டுக்கு சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும், உள்ள லேபிள் பக்கத்துல வந்தா அது ஏறக்குறைய 20 தான். அதே ஒரு செகண்ட் சவுண்டை பாதிக்கும் கம்மியான இடத்துல நெருக்கி செதுக்கணும், ஹை பிரீக்வன்சி, அதாவது கீச்சுன்னு இருக்குற மேல் சத்தமெல்லாம் அங்க கரகரன்னு உடையும். அதனால சத்தமான, தெம்பான பாட்டுங்கள தட்டோட ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆரம்பத்துல போட்டுட்டு, குரலும் ஒரு கிட்டாரும் மட்டும் இருக்குற மாதிரி அமைதியான பாட்டை கடைசிக்கு தள்ளுறது வழக்கமா போச்சு. எல்லா ஆல்பமும் அப்படித்தான்னு சொல்ல மாட்டேன், ஆனா அந்த காலத்து எல்பி எதையாவது எடுத்து ஒவ்வொரு பக்கத்தோட கடைசி பாட்டையும் மட்டும் கேட்டு பாருங்க, யாருக்கும் நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இல்லாம ஒரு மனுஷன் பாடிட்டு இருப்பான். சிடி வந்து ஸ்ட்ரீமிங் வந்தப்புறமும் அந்த வழக்கம் பாதி ஒட்டிகிட்டு தான் இருக்கு, காரணம் வேற. முதல் பாட்டுலயே ஆளைப் பிடிக்கலன்னா ஸ்கிப் பண்ணிட்டு போயிடுவாங்கன்ற பயம்.

இன்னொரு இடம், ஆர்டிஸ்ட் தன்னோட வழக்கமான வேலையை விட்டு வெளிய வந்து பண்ணினது. இளையராஜா 1986-ல போட்ட "ஹவ் டு நேம் இட்" படத்துக்காக பண்ணினது இல்ல, வாய்ப்பாட்டு இல்லாத ஆல்பம். ராஜா ரசிகன்னு சொல்றவங்கள்ல எத்தனை பேரு அதை முழுசா கேட்டிருப்பாங்கன்னு எனக்கு சந்தேகம் தான். அதுல "ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்"னு ஒண்ணு, பாக்னு பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் தனி வயலினுக்கு எழுதின மூணாவது பார்ட்டிட்டாவோட (பல சின்ன துண்டுகள் சேந்த தொகுப்பு) ப்ரிலூடை, அதாவது ஆரம்பத் துண்டை எடுத்து வச்சுகிட்டு அதோட தன்னோட தந்திக் கருவிகளை பேச விட்டிருப்பார். முதல் தடவை கேட்டப்போ எனக்கு ரெண்டு பாட்டு ஒண்ணா ஓடுற மாதிரி தான் இருந்துச்சு, குழப்பம். ஹெட்போன்ல உக்காந்து அந்த ஓடுற வயலினை மட்டும் பிடிச்சுகிட்டு போனேன், அடுத்த தடவை அதை விட்டுட்டு மத்த தந்திகளை மட்டும் பிடிச்சுகிட்டு போனேன், அப்புறம் தான் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பதில் சொல்லிக்கிறது காதுல விழுந்துச்சு. அதை கேட்டப்புறம் அவரோட சினிமா பாட்டுகள்ல சரணத்துக்கு முன்னாடி வர்ற இன்டர்லூடை நான் கேக்குற விதமே மாறிப்போச்சு. இந்த பழக்கத்தால கிடைச்ச பெரிய லாபம்னா எனக்கு இதான், தெரியாத பாட்டு தெரிஞ்ச பாட்டோட உள்பக்கத்தை காட்டிக் குடுக்குது.

இப்போ குறைகளுக்கு வருவோம், நிறைய இருக்கு.

முதல் குறை, குப்பை. யாருக்கும் தெரியாத பாட்டுல பெரும்பகுதி நியாயமான காரணத்தால தான் யாருக்கும் தெரியல. ஆல்பத்துல நிமிஷம் நிரப்ப போட்டது, பாதியில யோசனை தீந்து போனது, அதே ட்யூனை வேற வேகத்துல போட்டது, எல்லாம் வரும். பொறுமை இல்லாதவங்களுக்கு இது ஆகவே ஆகாது.

ரெண்டாவது, ஆப். ஆர்டிஸ்ட் பக்கத்தை திறந்தாலே மேல பாப்புலர்னு அஞ்சு பாட்டு வந்து நிக்கும், முதல் பாட்டுக்கு பக்கத்துல கோடிக்கணக்குல நம்பர், கீழ ஆல்பத்துக்குள்ள போய் ஒன்பதாவது பாட்டை பாத்தா அதே ஆளோட பாட்டு சில ஆயிரத்துல நிக்கும். அந்த நம்பரை பாத்ததுமே மனசு ஒரு முடிவு எடுத்துடுது, கேக்குறதுக்கு முன்னாடியே. ஸ்பாட்டிஃபைல ஒரு பாட்டு 30 செகண்ட் ஓடினா தான் ஒரு பிளேன்னு கணக்கு, 2024-லேந்து ஒரு வருஷத்துல 1,000 பிளேவாவது வரலன்னா ராயல்டியும் கிடையாது. இன்ட்ரோ மெதுவா ஆரம்பிக்கிற பாட்டு எவ்ளோ தூரம் தாங்கும் சொல்லுங்க. ஒரு நல்லதும் நடந்துச்சு, 2021 நவம்பர்ல பாடகி அடேல் கேட்டுகிட்டதால ஸ்பாட்டிஃபை ஆல்பம் பக்கத்துல இருந்த பெரிய பட்டன் ஷஃபிள்லேந்து (பாட்டு வரிசையை கலைச்சுப் போடுறது) சாதா பிளேவா மாறுச்சு, வரிசையா கேக்குற என்ன மாதிரி ஆளுங்களுக்கு சின்ன நிம்மதி. நான் யூஸ் பண்ற ஆப்ல (பேர் வேண்டாம்) அப்பப்போ பிடிச்ச பாட்டு சாம்பல் கலராகி ஓடாம போயிடும், லைசன்ஸ் முடிஞ்சுதோ என்னவோ, ஹிட் பாட்டுக்கு மட்டும் இந்த நிலைமை வந்து நான் பாத்ததே இல்ல. காசு குடுத்து ஃபைலா வாங்க முடிஞ்சதை வாங்கி வச்சிக்கிறேன்.

மூணாவது, துணை கிடையாது. நாலு பேரோட கார்ல போறப்போ நம்ம லிஸ்ட்டை போட்டா ரெண்டாவது பாட்டுலயே "டேய், எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டா போடுடா"ன்னு குரல் வந்துடும். அவங்கள குறை சொல்லவும் முடியாது, சேந்து கத்துறதுக்கு எல்லாருக்கும் வரி தெரிஞ்சிருக்கணும், அது ஹிட்டால மட்டும் தான் முடியும். கச்சேரியிலயும் "இது புது பாட்டு"ன்னு பாடகர் சொன்னதுமே பாதி கூட்டம் எழுந்து வெளிய போறத பாத்திருப்பீங்க. ஆனா பாடுறவங்களுக்கே ஹிட் சலிச்சுப் போறதும் உண்டு, ரேடியோஹெட்னு ஒரு இங்கிலாந்து பேண்ட் தங்களோட முதல் பெரிய ஹிட்டான "கிரீப்"ப பல வருஷம் மேடையில தொடவே இல்ல.

அப்புறம் ஒரு வேடிக்கை. பேவ்மென்ட்னு ஒரு அமெரிக்க பேண்ட், 1999-ல பி-சைடா விட்ட "ஹார்னஸ் யுவர் ஹோப்ஸ்" தான் இப்போ ஸ்பாட்டிஃபைல அவங்க பாட்டுலயே அதிகம் ஓடினது, ஆட்டோபிளே, அதாவது ஒரு பாட்டு முடிஞ்சதும் ஆப்பே அடுத்ததை ஓட விடுறது, எடுத்து எடுத்து குடுத்ததால வந்த வினைன்னு சொல்றாங்க. டாப் அஞ்சை தொடக்கூடாதுன்னு நான் வச்சிருக்குற ரூல்படி பாத்தா இப்போ அந்த பி-சைடை நான் கேக்கக்கூடாது, அவங்க அன்னிக்கு ஹிட் பண்ண நெனச்ச பாட்டை கேக்கணும். ரூலை கொஞ்சம் தளர்த்திகிட்டேன்.

ட்ரை பண்ணி பாக்கணும்னா ஏற்கனவே பிடிச்ச ஆர்டிஸ்ட்டா எடுங்க, புது ஆள் வேண்டாம். ஒரு ஆல்பம், ஷஃபிள் ஆஃப், கடைசி பாட்டுலேந்து முன்னாடி வாங்க, பிளே கவுன்ட் பாக்காதீங்க. ஒரு தடவை கேட்டு பிடிக்கலன்னா உடனே தூக்கிப் போடாம ரெண்டு மூணு நாள் விட்டு இன்னொரு தடவை போடுங்க, அப்பவும் ஒண்ணும் இல்லன்னா தாராளமா விட்டுடலாம். ஜிம்முக்கும் நைட்டு வண்டி ஓட்டுறப்பவும் மட்டும் இதெல்லாம் வேலைக்கு ஆகாது, அங்க நானே ஹிட்டு தான் போடுறேன்.