சத்தமில்லாத ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர்: சென்னை ஹாலுக்கு எந்தப் பாகங்கள் தேறும்?

ஒரு கூலரையோ கேபினெட்டையோ பற்றி வெளிநாட்டு விமர்சனங்களில் 'சத்தமே கேட்காது' என்று எழுதியிருந்தால், அந்தச் சோதனை எத்தனை டிகிரி அறையில் நடந்தது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் 20, 22 டிகிரிதான் இருக்கும். மே மாதம் ஏசி போடாத சென்னை ஹாலில் 34 டிகிரி சர்வ சாதாரணம். எந்தக் கூலரானாலும் பிராசஸரை அறைக் காற்றை விட இத்தனை டிகிரி மேலே வைத்திருக்கும், அவ்வளவுதான். அறை 12 டிகிரி ஏறினால் பிராசஸரும் கிட்டத்தட்ட அதே 12 டிகிரி ஏறும். அதைச் சமாளிக்க ஃபேன் வேகம் எடுக்கும், சத்தம் வரும். அதனால் இங்கே கூலரில் ஆரம்பிக்காதீர்கள். சூட்டைக் குறைவாகக் கக்கும் பிராசஸரில் ஆரம்பியுங்கள்.

படம் பார்க்க மட்டும் என்றால் இன்டெல் என்100 போதும். டிடிபி (சிப் கக்கும் சூட்டின் கணக்கு) வெறும் 6 வாட். வீடியோவைச் சுருக்கி வைக்கும் முறைகளான 4கே ஹெச்இவிசி 10-பிட், விபி9, ஏவி1 மூன்றையும் ஹார்டுவேரிலேயே டீகோடு செய்துவிடும். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் இன்னமும் பலர் கேட்டு வாங்கும் ரைசன் 5 5600ஜி நல்ல சிப்தான், ஆனால் அதில் ஏவி1 டீகோடர் கிடையாது. யூடியூப் 4கே வீடியோ ஏவி1-ல் வந்தால் முழு வேலையும் பிராசஸரின் கோர்கள் தலையில் விழும், உடனே ஃபேன் இரையும். கேமும் ஆட வேண்டும் என்றால் 2024-ல் வந்த ரைசன் 5 8600ஜி எடுங்கள், அதில் ஏவி1 உண்டு. பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங் பக்கம்) 45 வாட் ஈகோ மோடு வைத்துவிடுங்கள், சிப் எடுக்கும் மின்சாரம் அதோடு நிற்கும். படம் ஓடுவதில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

என்100-க்கு இரண்டு போர்டுகளைப் பார்க்கலாம். ஆசுஸ் பிரைம் என்100ஐ-டி டி4, ஏஎஸ்ராக் என்100டிசி-ஐடிஎக்ஸ். இரண்டிலும் ஃபேன் இல்லை, சூட்டை வெளியே விடும் உலோகத் தகடான ஹீட்சிங்க் மட்டும். ஏஎஸ்ராக்கில் 19 வோல்ட் அடாப்டர் நேராகப் போர்டிலேயே சொருகுவதால் எஸ்எம்பிஎஸ்ஸே (பவர் சப்ளை பெட்டி) வேண்டாம். சத்தம் போடும் பொருளில் ஒன்று அடியோடு ஒழிந்தது. எங்கள் ஓட்டு இதற்குத்தான். ஆசுஸ் போர்டுக்கு லேப்டாப் ரேம் வேண்டும், டிஸ்க் மாட்டும் சாட்டா போர்ட்டும் ஒன்றுதான். வாங்கும் முன் இதை மனதில் வையுங்கள்.

ஆனால் ஃபேனே இல்லாமல் கதவு போட்ட டிவி யூனிட்டுக்குள் தள்ளிவிடாதீர்கள். ஹீட்சிங்க் வேலை செய்யக் காற்று நகர வேண்டும். பிளைவுட் பெட்டிக்குள் அதே காற்று சுற்றிச் சுற்றிச் சூடாகும். என்100-இன் எல்லை 105 டிகிரி, சிப் எரிந்துவிடாது. ஆனால் எல்லையை நெருங்கினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மெனு இழுக்கும், பக்கத்தில் இருக்கும் எஸ்எஸ்டியும் சேர்ந்து வேகும். ஒரு 120 மி.மீ. ஃபேனை 500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 500 சுற்று) ஹீட்சிங்க் மேல் காற்று படும்படி மாட்டினால் பிரச்சினை தீர்ந்தது. அந்த வேகத்தில் நல்ல ஃபேன் சுற்றுவதே தெரியாது. ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும், காற்று பாதிதான் குறையும். முழுக்க ஃபேன்லெஸ் என்று பிடிவாதம் பிடிப்பதை விட இது நூறு மடங்கு மேல்.

8600ஜி பக்கம் போகிறவர்களுக்கு கேபினெட்தான் முக்கியம். ஃபிராக்டல் டிசைன் நோட் 202 டிவி பக்கத்தில் அழகாக உட்காரும், ஆனால் அதில் 56 மி.மீ. உயரக் கூலர்தான் போகும். அப்போது நாக்டுவா என்ஹெச்-எல்9ஏ மாதிரி 37 மி.மீ. குட்டிக் கூலர்தான் கதி. அதன் 92 மி.மீ. ஃபேன் 2,500 ஆர்பிஎம்மில் 23.6 டெசிபல் என்று கம்பெனி சொல்கிறது. எண் சிறியதுதான், சிக்கல் சுருதியில் இருக்கிறது. நம் வீட்டு சீலிங் ஃபேனின் சத்தம் அடித்தொண்டை ரகம். பெரிய ஃபேனின் இரைச்சல் அதில் கரைந்துவிடும். சின்ன ஃபேனின் கீச்சுக்குரல் அதைத் தாண்டி வந்து காதில் குத்தும். கூட வரும் லோ-நாய்ஸ் அடாப்டரைப் போட்டால் 1,800 ஆர்பிஎம்முக்கு இறங்கி 14.8 டெசிபல் ஆகும், ஆனால் கத்திரி வெயிலில் அந்தக் காற்று 8600ஜி-யின் வழக்கமான 65 வாட்டுக்குப் பத்தாது. 45 வாட்டுக்கு ஓரளவு தாங்கும்.

இடம் இருந்தால் நோட் 304 எடுங்கள். 165 மி.மீ. வரை கூலர் போகும், பின்னால் 140 மி.மீ. ஃபேன், ஃபில்டர்களைக் கழற்றிக் கழுவலாம். 155 மி.மீ. உயர டீப்கூல் ஏகே400 இதில் உட்காரும், கூலருக்கு அதிகம் செலவழிக்க அவசியமில்லை. ரேம் மட்டும் மேலே கொம்பு வைத்த ரகமாக இல்லாமல் குட்டையாக இருக்கட்டும். கடையில் கூலர் வாங்கும்போது சாக்கெட்டை (போர்டில் பிராசஸர் உட்காரும் இடத்தின் வகை) சொல்லிக் கேளுங்கள். என்ஹெச்-எல்9ஏ, ரைசன் சாக்கெட்டுகளான ஏஎம்4-க்கும் ஏஎம்5-க்கும் தனித்தனி. இன்டெலுக்கான என்ஹெச்-எல்9ஐ பழைய ஸ்டாக் 12-ஆம் தலைமுறை இன்டெல் போர்டில் மாட்டாது.

எஸ்எம்பிஎஸ்ஸில் ஜீரோ ஆர்பிஎம் வசதி உள்ளதாகப் பாருங்கள். லோடு குறைவாக இருக்கும்வரை ஃபேன் சுற்றாது, படம் பார்க்கும் லோடு அதற்கு வெகு கீழே. 3.5 இன்ச் ஹார்டு டிஸ்க்கை ஹாலுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அதன் அதிர்வு பிளைவுட் பலகையில் ஏறி ஒரு ஹம்மாகத் திரும்பி வரும். ரப்பர் வாஷர் போட்டால் குறையும், போகாது. என்ஏஎஸ்ஸில் (நெட்வொர்க்கில் இணைக்கும் டிஸ்க் பெட்டி) போட்டு வேறு ரூமில் வைத்து கேட்6 நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடுங்கள். 4கே ப்ளூ-ரே உச்சத்தில் நொடிக்கு 128 மெகாபிட்தான், கிகாபிட் லைனுக்கு அது தூசு. (டிவியின் லேன் போர்ட் பெரும்பாலும் 100 மெகாபிட் என்பதால், என்ஏஎஸ்ஸிலிருந்து டிவியில் நேராகப் பார்த்தால் அங்கங்கே திக்கும்.)

எல்லாம் மாட்டிய பிறகும் ஃபேன் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் பாகம் மோசம் என்று நினைக்க வேண்டாம், பயாஸ் செட்டிங்தான் காரணம். ஒரு மெனு திறந்தாலே பிராசஸர் நொடிப்பொழுதில் 15 டிகிரி குதிக்கும், ஃபேன் அதைத் துரத்தும். ஃபேன் கர்வில் (எத்தனை டிகிரிக்கு எவ்வளவு வேகம் என்ற செட்டிங்) 65 டிகிரி வரை ஒரே வேகம் வையுங்கள். ஸ்டெப்-அப் டைம் (ஃபேன் வேகமெடுக்க எடுத்துக்கொள்ளும் நேரம்) என்று இருப்பதை உள்ளதிலேயே அதிகமாக்குங்கள். காதுக்குத் தொந்தரவு தருவது மாறிக்கொண்டே இருக்கும் சத்தம்தான்.

வீட்டு இன்வெர்ட்டரை நம்பி ஓட்டுவதாக இருந்தால் அது சைன்வேவாக இருக்க வேண்டும், பின்னால் உள்ள ஸ்விட்ச் யூபிஎஸ் மோடில் இருக்க வேண்டும். சாதாரண மோடில் கரண்ட் மாறும் இடைவெளி அதிகம், எஸ்எம்பிஎஸ் தாங்கும் நேரமோ பொதுவாக 16, 17 மில்லி செகண்டுதான். ஸ்கொயர்வேவ் என்றால் எஸ்எம்பிஎஸ்ஸே 'ஙொய்' என்று இரையலாம்.

திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோரப் பக்கங்களில் உப்புக் காற்றில் தூசி பசைபோல ஒட்டும். மாதம் ஒருமுறை ஃபில்டரைக் கழுவி நிழலில் காயவைத்து மாட்டுங்கள். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் அது கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் அடிவாங்கும், அதற்கப்புறம் வரும் கரகரப்பை எந்த செட்டிங்காலும் போக்க முடியாது.