சுவர்ப் பதக்கத்துக்கு எது: பிளாஸ்டர் ஆஃப் பாரிஸா, வெள்ளை சிமெண்டா?

பாளையங்கோட்டை வீட்டின் வரவேற்பறைச் சுவரில் மாட்டும், அச்சில் வார்த்த அலங்காரப் பதக்கத்துக்கு என்றால் தயங்காமல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். இறுகும்போது அது இம்மியளவு விரிவதால், அச்சிலுள்ள தாமரை இதழின் நரம்புகூடத் தெளிவாகப் பதிகிறது. தண்ணீரில்தான் மாவைத் தூவ வேண்டும். மாவில் தண்ணீரை ஊற்றினால் கட்டிதட்டும். அரை மணிக்குள் பெரும்பாலும் அச்சிலிருந்து எடுத்துவிடலாம். முழுதாக உலர்ந்த பிறகே வண்ணம் பூசுங்கள்.

ஆனால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகினால் ஜிப்சம்தான், அது ஈரத்துக்கு ஆகாது. தென்காசிப் பக்கம் ஆனிச் சாரலிலும், நெல்லையில் ஐப்பசி மழையிலும் நனையும் வாசல் சுவருக்கு வெள்ளை சிமெண்டே சரி. சலித்த மணல் இரண்டு பங்கு சேர்த்து, ஒரு நாள் கழித்து அச்சிலிருந்து எடுத்து, 7 நாள் ஈரம் காக்க வேண்டும். கையுறை அவசியம், சிமெண்டின் காரம் தோலை அரிக்கும். எடை கூடுதல் என்பதால், வார்க்கும்போதே துருப்பிடிக்காத கம்பிக் கொக்கியைப் பதித்துவிடுங்கள்.