பெல்லி நடனம்: மனோதர்மமா, மனப்பாடமா?

கெய்ரோவின் மேடைகளில் பெல்லி நடனம் ஆடுபவர்களுக்கு இரண்டு வழி உண்டு. வாத்தியக்காரர்கள் வாசிக்க வாசிக்க அந்த நொடியில் தோன்றுவதை ஆடலாம். அல்லது ஒவ்வோர் அசைவையும் முன்பே அமைத்து ஆடலாம்.

தக்சீம் வந்துவிட்டால் முதல் வழிக்கு ஈடே கிடையாது. தக்சீம் கிட்டத்தட்ட நம் ஆலாபனை மாதிரி. ஊத் என்ற நரம்பு வாத்தியமோ நேய் குழலோ தனியாக ஒரு மகாமை (அரபு இசையில் நம் ராகம் மாதிரி) விரித்துக்கொண்டே போகும். அடுத்து எங்கே திரும்பும் என்பது வாசிப்பவர் கையில் இருக்கும்போது, நடனத்தை முன்கூட்டி எப்படி அமைப்பது? ஆடுபவர் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே இடுப்பை எட்டு வடிவில் மெல்லச் சுழற்றியபடி காதுகொடுப்பார். குழல் மூச்சு வாங்கினால் அவரும் நிற்பார். (சும்மா நிற்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம்.) ஆனால் கற்பனை வறண்ட நாளில் அதே நாலு அசைவு திரும்பத் திரும்ப வரும்.

குழுவாக ஆடினால் அமைத்து ஆடுவதுதான் சரி. மஹ்மூத் ரெதா 1959-இல் தொடங்கிய ரெதா குழு எகிப்தின் நாட்டுப்புற ஆட்டங்களை அப்படித்தான் மேடையேற்றியது. பதிவுசெய்த இசைக்கும் இது கைகொடுக்கும். நேரடி இசையிலோ, வாத்தியக்காரர்கள் உற்சாகத்தில் ஒரு சுற்று கூடுதலாக வாசித்துவிட்டால் மனப்பாடம் அந்தரத்தில் தொங்கும்.

என்னைக் கேட்டால், மேடையில் நுழைவதையும் முடிப்பதையும் மட்டும் அமைத்துக்கொண்டு, தக்சீமையும் தப்லா என்ற அரபு மேளத்தின் தனி வாசிப்பையும் காதுக்கே விட்டுவிடலாம். புதிதாகக் கற்பவர்கள் மட்டும் முதல் சில மேடைகளுக்கு முழுதும் அமைத்துக்கொண்டே போகட்டும். பதற்றத்தில் காது கேட்காது.