டிகிரி முடித்து சட்டமா, பிளஸ் டூ முடித்ததும் சட்டமா?

வக்கீலாக வேண்டும் என்று நினைக்கும் பிளஸ் டூ மாணவருக்கு இரண்டு வழி. பி.ஏ. போன்ற ஒரு டிகிரியும் சட்டமும் சேர்ந்த ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் நேராகச் சேரலாம். இல்லையென்றால் ஒரு டிகிரியை முடித்துவிட்டு மூன்றாண்டு எல்.எல்.பி. படிக்கலாம். முதல் வழியில் ஒரு வருடம் மிச்சம். பெரும்பாலான வீடுகளில் இந்த ஒரு வருடத்தை வைத்தே முடிவெடுத்துவிடுகிறார்கள்.

நீதிபதியாக ஆசைப்படுபவர்களுக்கு அது நியாயமான கணக்குதான். சிவில் நீதிபதி பதவிக்கு விண்ணப்பிக்க மூன்றாண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏற்கெனவே நீண்ட காத்திருப்பு. அதில் ஒரு வருடம் குறைந்தால் நல்லதே. கிளாட் என்ற நுழைவுத்தேர்வு எழுதி, திருச்சியில் இருப்பது போன்ற தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் சேரத் தயாராகிறவரும் யோசிக்காமல் ஐந்தாண்டுக்கே போகலாம்.

மற்றவர்களுக்கு நான் டிகிரி வழியைத்தான் சொல்வேன். பதினேழு வயதில் எடுத்த முடிவு இருபது வயதில் மாறலாம். ஐந்தாண்டுப் படிப்பை மூன்றாம் ஆண்டில் விட்டால் பி.ஏ. பட்டமாவது கிடைக்குமா என்றால், கிடைக்காது. அப்படிப் பாதியில் பிரித்துப் பட்டம் தருவதை, சட்டப் படிப்பை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி தடுக்கிறது. டிகிரி முடித்தவருக்கு அந்தக் கவலை இல்லை. சட்டம் வேண்டாம் என்று தோன்றினாலும் கையில் ஒரு பட்டம் இருக்கும்.

சரி, அந்த டிகிரியை எங்கே படிப்பது? இங்கேதான் பலரும் பெயர் பெற்ற கல்லூரியைத் தேடி அலைகிறார்கள். தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் படிப்புக்கு நுழைவுத்தேர்வே கிடையாது. டிகிரி மதிப்பெண்ணையும் இட ஒதுக்கீட்டையும் வைத்துத்தான் இடம். கல்லூரியின் பெயருக்கு அங்கே தனி மதிப்பெண் இல்லை. ஆகவே சென்னையில் விடுதிக்குப் பணம் கட்டி 60 சதவீதம் வாங்குவதைவிட, சொந்த ஊர் அரசு கலைக் கல்லூரியில் 80 வாங்குவது மேல். கீழ் நீதிமன்றங்களில் தமிழ் நடைமுறையில் இருப்பதால், தமிழ் வழியில் படித்தவர் அங்கே தாழ்ந்துபோவதும் இல்லை. ஆனால் உயர் நீதிமன்றம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. அதற்கு இப்போதிருந்தே தினமும் ஓர் ஆங்கில நாளிதழ் படிக்க வேண்டும்.

குறி டெல்லிப் பல்கலைக்கழகமோ பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியோ என்றால் கதை வேறு. பெங்களூரில் 2022 முதல் மூன்றாண்டுப் படிப்பு நடக்கிறது, அதற்குத் தனி நுழைவுத்தேர்வு. டெல்லிக்கும் தேர்வு உண்டு. ஆங்கிலத்தில் வேகமாகப் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் தேவை. நல்ல நூலகமும் விவாத மன்றமும் உள்ள நகரக் கல்லூரிக்கு அப்போதுதான் உண்மையான பயன்.

பாடத்தைப் பொறுத்தவரை, அரசியல் அறிவியலும் வரலாறும் அரசியலமைப்புச் சட்டத்துக்கு உதவும். எனக்கென்னவோ பி.காம். மேல் ஒரு சாய்வு உண்டு. கம்பெனிச் சட்டமும் வருமான வரியும் அதிலேயே வந்துவிடும், பிறகு வழக்கு கொண்டுவரும் கட்சிக்காரர்களும் அந்த வணிகப் பக்கத்திலிருந்து வருவார்கள். பி.எஸ்சி. படித்தவர்களும் பொறியாளர்களும்கூடச் சேரலாம்.

அப்புறம், பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிகிரி என்ற வரிசை முக்கியம். பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டத்தை எல்.எல்.பி. சேர்க்கைக்கு ஏற்க மாட்டார்கள்.