கார்டன் எக்கா, கீரையா? ரொறன்ரோவில் ஆப்பிரிக்கக் காய்கறி போடுவதென்றால்

ரொறன்ரோப் பக்கம் கொஞ்சம் நிலம் வாடகைக்கு எடுத்து, நைஜீரிய, கானா குடும்பங்களுக்கு அவர்கள் ஊர்க் காய்கறி விளைவித்துக் கொடுக்கலாம் என்று நினைத்தால், மூன்று பயிர்கள் முதலில் மனதில் வரும்: தண்டுக்கீரை, எவெடு என்ற கீரை, கார்டன் எக் என்ற கத்தரி. நான் போடுவது கார்டன் எக். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

கீரையின் வேகத்தைச் சொல்லவே வேண்டாம். ஜூனில் மண் சூடானதும் நேரே விதைத்தால் ஒரு மாதம் சொச்சத்தில் முதல் அறுவடை. வெட்ட வெட்டத் துளிர்க்கும். எவெடு சணல் இனத்துக் கீரை, வெயில் ஏறினால்தான் வளரும். எகிப்தியர்கள் முலுகியா என்ற குழம்பு வைப்பதும் இதே இலையில்தான் என்பதால், அரபுக் கடைகளில் உறைய வைத்த பொட்டலமாகக் கிடைக்கிறது. அந்த விலையோடு மோதுவது கஷ்டம்.

கார்டன் எக் முட்டை வடிவில் வெள்ளையாகக் காய்க்கும் ஆப்பிரிக்கக் கத்தரி. பாடு அதிகம். மார்ச்சில் வீட்டுக்குள் விளக்கு போட்டு நாற்று வளர்த்து, ஜூன் தொடக்கத்தில் நட்டால் ஆகஸ்டில்தான் காய். நடுவில் கொலராடோ உருளைக்கிழங்கு வண்டு இலையை மொட்டையடிக்கும். இலைக்கு அடியில் அது இடும் ஆரஞ்சு நிற முட்டைகளைத் தேடித் தேடி நசுக்க வேண்டும். அக்டோபரில் உறைபனி விழுந்தால் எல்லாம் முடிந்தது.

அப்புறம் ஏன் இது? பறித்த பிறகு அது தாங்குகிறது, அவ்வளவுதான். என்னைப் போல வாரநாளில் வேலைக்குப் போகிறவருக்கு வெள்ளி மாலைதான் பறிக்க நேரம். வாங்குகிறவர்களோ பிராம்ப்டனிலும் ஜேன்–ஃபிஞ்ச் பக்கமும் சிதறி இருக்கிறார்கள். பலருக்கு ஞாயிறு தேவாலயம் முடிந்த பிறகுதான் வசதி. வெட்டிய தண்டுக்கீரை அதுவரை காத்திருக்காது. தண்ணீர் தெளித்தாலும் கார் டிக்கியிலேயே தலை தொங்கிவிடும், தொங்கிய கட்டுக்கு யாரும் முழு விலை தரமாட்டார்கள். கார்டன் எக் அப்படியே கிண்ணென்று இருக்கும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: கத்தரி இனத்துக்கு 10 பாகைக்குக் கீழான குளிர் ஆகாது, தோலில் குழி விழும். அதனால் குளிர்சாதனப் பெட்டி வேண்டாம், நிலவறையின் நிழல் போதும்.

தேவையும் ஒரே நாட்டுக்காரர்களோடு அடங்கிவிடுவதில்லை. நைஜீரியாவின் இக்போ இனத்தார் வீடுகளில் விருந்தாளிக்குக் கோலாக் கொட்டையோடு இதைப் பச்சையாகவே வைப்பார்கள், தொட்டுக்கொள்ள நிலக்கடலை விழுது. கானாக்காரர்கள் வேகவைத்து மசித்துக் குழம்பு வைப்பார்கள். பிரேசில்காரர்களின் ஜிலோவும் இதே இனம்தான், ஆனால் அவர்கள் கேட்பது கசப்பான பச்சைக் காய். அது வேறு விதை. விற்காமல் செடியில் நின்று சிவந்துபோன காய் அடுத்த வருட விதைக்கு ஆகும்.

இதெல்லாம் சின்ன நிலத்துக் கணக்கு. ஏக்கர் கணக்கில், குளிரறை வைத்து, கடைகளுக்கே போடுகிறவருக்குக் கீரை லாபமாக இருக்கலாம். அந்த அனுபவம் எனக்கில்லை. வாங்குகிறவர்கள் நடந்து வரும் தூரத்தில் தோட்டம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், தண்டுக்கீரையே போடுங்கள்.